குதிரைமுடிப் பையின் விலை

பேக்பைப் வாசிப்பவனால் பேச முடியாது. வாயில் ஊதுகுழல் இருக்கும். கையும் அவனுடையதில்லை. காற்றுப்பை ஒரு கக்கத்தில், விரல்கள் குழலின் துளைகளில். ஆக, அன்றைக்கு என் தம்பி ஆரோக்கியத்துக்கு மிச்சம் இருந்தது கண் மட்டும்தான்.

அந்தக் கண்ணால் என்னைத் தேடினான்.

எங்கள் ஊர் மாதா சப்பரம் மேலத்தெருவுக்குள் நுழைந்த நேரம். நாலு மணி வெயில். சப்பரத்துக்கு முன்னால் எட்டு ஆண்கள், கட்டம்போட்ட பாவாடையும் முழங்கால்வரை வெள்ளைக் காலுறையுமாக, பேண்ட் வாசித்துக்கொண்டு போகிறார்கள். முதல் வரிசையில் என் தம்பி. கூட்டத்திலிருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். தம்பியின் இடுப்புக்குக் கீழே முன்பக்கம் தொங்கிய பைக்குள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டார். பையைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

தெருவில் யார் கொடுக்கும் காசையும் தொடமாட்டேன் என்று பன்னிரண்டு வருஷமாக இருந்தவன் என் தம்பி. அந்தப் பையைத் தைத்தவள் நான்.

பாக்கெட் இல்லாத உடுப்பு

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்கு அரியலூர் மார்க்கெட் பக்கம் இருக்கும் என் தையல் கடையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூட யூனிஃபார்ம், மற்ற மாதம் ஜாக்கெட், இடையிடையே சண்டை. முப்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தம்பி ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். திருச்சியில் ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் பேக்பைப் கற்றுக்கொண்டு, எங்கள் கீழத்தெரு ஆட்களை வைத்தே ஒரு பேண்ட் செட் ஆரம்பித்தான். டிரைவர், கொத்தனார், எலெக்ட்ரீஷியன் எல்லாம் அதில் உண்டு. கல்தூசி தின்ற நெஞ்சு எப்படி இத்தனை மூச்சு விடுகிறது என்று டாக்டரே ஆச்சரியப்பட்டாராம்.

எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மட்டும் அவர்களைக் கூப்பிடுவதில்லை. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் வெளியூரிலிருந்து, ஸ்காட்லாந்து உடுப்பு போட்ட ஒரு செட்டை வரவழைப்பார்கள். தம்பி போய்க் கேட்டான். பதில் சுருக்கமாக வந்தது.

"முழு டிரெஸ்ஸோட வந்தா சப்பரத்துக்கு முன்னாடி போங்க. இல்லன்னா பின்னாடி வாங்க."

சப்பரத்துக்குப் பின்னால் போவது என்றால் என்ன என்று எங்கள் தெருக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே பேண்ட் சாமான் விற்கும் கடை ஒன்றிலிருந்து போனில் படமும் விலையும் வந்தன. தம்பி கடைக்கு வந்து என் மிஷின் மேல் போனை வைத்தான்.

"பாருக்கா. பாவாடை ஆயிரத்து எண்ணூறுதான்."

"இதுக்கு கில்ட்டுன்னு பேரு, பாவாடைன்னு சொன்னா பசங்க கட்டமாட்டாங்கன்னு நீதானடா சொன்ன?"

"சரி, கில்ட்டு. கீழ தள்ளிப் பாரு."

கீழே தள்ளினேன். பெல்ட், வெள்ளிநிற பக்கிள். தோளில் போடும் துணிக்கு ஒரு வட்ட பிரோச். பாவாடை ஓரத்தில் குத்த ஒரு பெரிய ஊக்கு. காலுறை, அதைக் கட்ட வண்ண நாடா. காலுறைக்குள் செருகிவைக்க ஒரு குட்டிக் கத்தி. இறகு வைத்த தொப்பி. எல்லாவற்றுக்கும் மேலே, முன்பக்கம் தொங்குகிற ஒரு முடிப்பை. அதற்கு ஸ்போரன் என்று பெயராம். அந்தப் பை ஒன்று மட்டும் இரண்டாயிரத்து எண்ணூறு.

பட்டுப்புடவை எடுத்து முடித்த சந்தோஷத்தோடு நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"எதுக்குடா இந்தப் பை?"

"அந்த உடுப்புல பாக்கெட் கெடையாதுக்கா. சாவி, காசு எல்லாம் அதுலதான் வைப்பாங்களாம்."

"வெள்ளக்காரன் தையக்காரனுக்குப் பாக்கெட் வைக்கத் தெரியலங்கிறதுக்காக நாம ரெண்டாயிரத்து எண்ணூறு குடுக்கணுமா? முப்பது ரூவா துணியில நான் வச்சுத் தரேன்."

"பாக்கெட் வச்சா அது ஸ்காட்லாந்து டிரெஸ் இல்லக்கா. கமிட்டிக்காரங்க போட்டோவ வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க."

கடைக்காரனுக்குப் போன் போட்டு, லாரி ரோட்டில் கற்ற இந்தியில் பேரம் பேசினான். அசல் குதிரை முடி, ஒரு பைசா குறையாது என்று அவன் அடித்துச் சொல்லிவிட்டான். குதிரையின் வாலுக்கு இந்த விலை என்றால் குதிரை என்ன விலையோ என்று நான் முணுமுணுத்தது அவனுக்குக் கேட்டிருக்காது.

"விடுடா, நானே தைக்கிறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

லாரிக் கயிறும் பிஸ்கட் டின்னும்

துணிக்குப் பெரம்பலூர் போனேன். ஒரு மொத்தக் கடையில் ஏதோ பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் துணி தேங்கிக் கிடந்தது. கரும்பச்சையில் நீலக் கட்டம். பாதி விலைக்குக் கொடுத்தார்கள். பின்பக்கம் நெருக்கமாக மடிப்பு, முன்பக்கம் வெறும் துணி. பெண்பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் மடிப்பு வைத்துத் தைத்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை. வேலை எல்லாம் அளவெடுப்பதில்தான். எட்டுப் பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். கொத்தனார் மட்டும் தைரியமாகக் கேட்டார்.

"உள்ள டவுசர் போட்டுக்கலாமுங்களா?"

"தாராளமா போட்டுக்கங்க. மாதாவுக்கு முன்னாடி போறீங்க."

பெல்ட்டுக்கு பைக் சீட் கவர் தைக்கும் கடையில் ரெக்ஸின் வாங்கினேன். ஊக்கும் பிரோச்சும் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைத்தன. தொப்பிக்கு இறகு கொடுத்தவை எங்கள் தெருச் சேவல்கள். கத்தி வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். "பவனியில கத்தி எதுக்கும்மா? நாளைக்கு யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நான்ல பதில் சொல்லணும்?" அவர் சொன்னதும் நியாயம்தான். உடைந்த கரண்டிகளின் பிடிகளுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துச் செருகிவிட்டேன். வெளியே தெரிவது பிடி மட்டும்தானே.

பைதான் என் பெருமை. முடிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். தம்பியின் லாரியில் தார்ப்பாய் கட்டும் வெள்ளை நைலான் கயிறு கண்ணில் பட்டது. புதுக் கயிறாக வாங்கி, முறுக்குப் பிரித்து, சீப்பால் வாரி வாரி விட்டேன். குதிரைக்கே பொறாமை வந்திருக்கும். மேலே அரைவட்டத் தகட்டுக்கு பிஸ்கட் டின். படத்தில் அந்தத் தகட்டில் ஒரு சிங்கம் இருந்தது. சிங்கத்துக்கு நான் எங்கே போவேன்? ஏலாக்குறிச்சியில் செபமாலைக் கடையில் சின்னப் பித்தளைச் சிலுவைகள் வாங்கிவந்து ஒவ்வொரு பையிலும் ஒன்று பதித்தேன்.

மேலே நாலு விரல் அகலத்துக்கு ஒரு வாய் வைத்தேன். மூடி வைக்கவில்லை. பை என்றால் அதில் ஏதாவது போட முடிய வேண்டும் என்பது என் கட்சி. போனும் வண்டிச் சாவியும் வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு அன்று புரியவில்லை. எங்கள் கோயிலில் பூசை நேரத்தில் காணிக்கை எடுப்பது கறுப்புத் துணிப் பையில். நடுவில் சிலுவை, மேலே திறந்த வாய். பங்குக்கு அந்தக் காணிக்கைப் பைகளைத் தைத்துக் கொடுப்பவளும் நான்தான். கை பழகிய வழியிலேயே போய்விட்டது. கூட ஒரு கயிற்று முடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு நாணயமும் ஒரு செருப்பும்

தம்பியின் பிடிவாதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் அப்பா பறையடித்தவர். மேலத்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போவார். அப்பாவின் அடியை ஊரே நின்று ரசிக்கும். காசைக் கையில் கொடுக்க மட்டும் யாருக்கும் மனசு வராது. தரையில் எறிவார்கள். தோளில் பறையோடு குனிந்து பொறுக்க வேண்டும்.

அப்படி ஒரு சாவில் எறிந்த நாணயம் ஒன்று உருண்டுபோய் ராயப்பர் என்பவருடைய செருப்புக்கு அடியில் நின்றது. அவர் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா குனிந்தபடியே காத்திருந்தார். ராயப்பர் கீழே பார்த்தார், பேச்சைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, குதிகாலை மட்டும் லேசாகத் தூக்கினார். அப்பா விரலை விட்டு நோண்டி எடுத்தார். நாலு பேர் சிரித்தார்கள்.

நானும் தம்பியும் தெருமுனையில் நின்று பார்த்தோம். எனக்குப் பதினாலு வயசு இருக்கும், அவன் சின்னவன். அன்றைக்கு முழுக்க அவன் சாப்பிடவில்லை.  எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு அதுகூட வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பேண்ட் ஆரம்பித்தபோது அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. பேசிய கூலி முன்கூட்டியே, கவரில், கையில் வர வேண்டும். தெருவில் காசு வாங்கக் கூடாது. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் மாமன்மார் சட்டையில் நோட்டைக் குத்த வந்தால்கூட, சிரித்துக்கொண்டே விலகிவிடுவான். "திமிரு பிடிச்ச செட்டு" என்று பெயர் வாங்கினான். அதனால் போன கிராக்கிகள் உண்டு. அவன் அசையவில்லை.

மேலத்தெருவில்

இனி அந்த நாலு மணி வெயிலுக்கு வருகிறேன்.

பட்டனோ கொக்கியோ விட்டுப்போனால் தைக்கலாம் என்று ஊசிநூலோடு பேண்டுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். தம்பியின் பார்வை என்மேல் விழுந்ததும் அவன் பக்கமாக நகர்ந்தேன். அதற்குள் இன்னொரு பெண் காசோடு வந்தாள். ஓடிப்போய் மறித்தேன்.

"இது உண்டியல் இல்லம்மா. டிரெஸ்ஸு."

"சிலுவ இருக்குல்லங்க?"

"இருக்கு..."

"வாயும் தொறந்துதான இருக்கு? காசு போடறதுக்கு இல்லன்னா எதுக்குத் தொறந்து வச்சிருக்கீங்க?"

 என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள். அவளைப் பார்த்துப் பத்துப் பேர். டிரம்காரர்களின் பைகளிலும் காசு விழுந்தது. ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கிவந்து அதன் நெற்றியைப் பையில் பதித்து எடுத்தாள். உண்மையான காணிக்கைப் பையோடு வருகிற கமிட்டிக்காரர் சப்பரத்துக்குப் பின்னால் எங்கோ கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

தம்பியால் நிறுத்த முடியாது. அவன் நின்றால் பேண்ட் நிற்கும். பேண்ட் நின்றால் சப்பரம் நிற்கும். மேலத்தெரு நடுவில், முதல் வருஷமே, கீழத்தெரு செட்டால் மாதா நின்றுபோனாள் என்று ஆகிவிடும். அடுத்த வருஷம் பின்னால் போகக்கூட இடம் இருக்காது. ஆனால் அவன் முகம் எனக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. காற்றுப்பையை அமுக்கும் கை தளர்ந்தது. பாட்டு ஒரு நொடி இறங்கி நடுங்கியது. விடப்போகிறான், குழலைக் கீழே போடப்போகிறான் என்று நினைத்துவிட்டேன்.

அப்போதுதான் ராயப்பர் வந்தார்.

எண்பது வயசுக்கு மேல் இருக்கும். கூன் விழுந்து, கையில் தடி. செருப்பைத் தன் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் வந்தார். பைக்கு நேராகக் குனிந்தார். கை நடுங்கியதில் நாணயம் வாய்க்குள் போகாமல் தகட்டில் பட்டுக் கீழே விழுந்தது. உருண்டுபோய், ஓரம் மட்டும் தம்பியின் ஷூவுக்கு அடியில் மாட்டி நின்றது.

பெரியவர் தடியை ஊன்றி இன்னும் கீழே குனிந்தார். தரைவரை.

 தம்பி கீழே பார்த்தான். குனிந்திருப்பது ராயப்பர் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் கண் சொன்னது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. அவன் அந்தக் காலை எடுத்தான். குதிகாலை மட்டும் இல்லை, முழுக்காலையும் எடுத்து ஒரு அடி பின்னால் வைத்தான். வைத்த இடத்திலேயே நின்று வாசித்தான். மற்ற ஏழு பேரும் கால் மாற்றி மாற்றி நின்ற இடத்திலேயே நடை போட்டார்கள்.

பெரியவர் நாணயத்தை எடுத்துத் துடைத்தார். நிமிர்ந்து, இந்த முறை சரியாகப் பைக்குள் போட்டார். சிலுவையைத் தொட்டு முத்தி செய்துவிட்டுத் திரும்பிப் போனார். தம்பியின் முகத்தை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பேண்ட் நகர்ந்தது. காற்றுப்பை மறுபடி இறுகியது. அந்தத் தெருவின் மிச்சத்தை அவன் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

தைத்த வாய்

சப்பரம் கோயிலுக்குத் திரும்பியதும் எட்டுப் பேரும் பைகளை அவிழ்த்துச் சாமியார் முன்னால் மேசையில் கவிழ்த்தார்கள்.

"எவ்வளவுப்பா இருக்கும்?"

"எண்ணல சாமி. மாதாவோடது."

டிரெஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கமிட்டிக்காரர் ஒருவர் நல்ல மனசோடுதான் சொன்னார். தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். எட்டுப் பைகளையும் என் கையில் கொடுத்தான்.

"வாயத் தச்சுடுக்கா."

அவ்வளவுதான். மறுநாளே எட்டையும் இரட்டைத் தையல் போட்டு மூடினேன்.

அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் அவர்கள்தான் முன்னால் போகிறார்கள். மூன்று நாலு வருஷமாக இப்படித்தான். சிறுவாச்சூர்ப் பக்கம்கூட ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு வந்தார்கள். பை மூடியிருந்தாலும் சிலபேர் தொட்டுக் கும்பிடத்தான் செய்கிறார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

இந்த வருஷம் செட்டுக்காரர்கள் பணம் சேர்த்து அசல் பைகளையே வரவழைத்துவிட்டார்கள். அசல் குதிரை முடி, அசல் சிங்கம். விலை முன்னைவிடக் கூடுதல், ஒரு பைசா குறைக்கவில்லை. வாரைச் சரிபண்ண என் கடைக்கு வந்தார்கள். ஏழு பேர் கட்டிக்கொண்டு போனார்கள். எட்டாவது பை உறை பிரிக்காமல் மேசையில் கிடந்தது.

"உன்னோடத எடுத்துக்கடா."

"அது இருக்கட்டும். யாராச்சும் புதுசா சேந்தா குடுக்கலாம். எனக்குப் பழசே போதும்."

"நைலான் கயிறுடா அது. பழுப்பேறி மாட்டு வால் மாதிரி ஆயிடுச்சு. மத்தவங்க நடுவுல நீ மட்டும் அத மாட்டிக்கிட்டு நிக்கப் போறியா?"

 பழைய பையின் முடியை விரலால் கோதிவிட்டான்.

"இந்தப் பைக்கு முன்னாடிதான ராயப்பரு குனிஞ்சாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாளாக இவன் இதையா மனசில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான்?

"டேய், அவரு ஒனக்கா குனிஞ்சாரு? சிலுவைக்குக் குனிஞ்சாரு. அப்புறம் கீழ விழுந்த காசுக்குக் குனிஞ்சாரு. நீ யாரு, யாரு மவன்னே அவருக்குத் தெரியாது."

"தெரியும்க்கா" என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான். "அத அங்கயே பாத்துட்டேன். காசத் தேடுறப்ப அவரு கண்ணுல நானே இல்ல. காசுதான் இருந்துச்சு. அப்பாவும் அன்னிக்குக் காசுக்குத்தானக்கா குனிஞ்சாரு? வூட்டுல நாம பசியா இருக்கோம்னு குனிஞ்சாரு. அந்தாளுக்குக் குனியவே இல்ல. இத்தன வருசமா நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

 

பழைய பையை எடுத்து இடுப்பில் கட்டிப் பார்த்தான். வார் எட்டவில்லை. தம்பிக்குத் தொப்பை போட்டுவிட்டது. இன்னொரு துளை போடச் சொல்லி நீட்டினான். வாங்கி மேசைமேல் வைத்துக் குத்தூசியை எடுத்தேன். கண் மறைத்ததில் துளை கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது.